மேட்டில் விட்டுவைத்த பதினோரு திட்டுகள்

எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. கோர்ட்டில் தங்கள் வழக்கைக் கூப்பிடும்வரை மற்ற வக்கீல்கள் பெஞ்சில் சாய்ந்து பேப்பர் படிப்பார்கள். நான் வராந்தாவில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டிருப்பேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட வக்கீல் என்று எனக்குப் பட்டப்பெயரே உண்டு. காலைவிட என் வாய் வேகம். அந்த வாயால் ஒரு மனிதரின் ஒன்றரை ஏக்கர் நிலம் போயிற்று. இத்தனை வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வக்கீல் ஆவதற்கு முன்னால் நான் ஓவர்சியர். ஆறு வருஷம் டேப்பும் குடையுமாக வெயிலில் அலைந்து, மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, அதன் பிறகுதான் சட்டம் படித்தேன். அதனால் காஞ்சிபுரத்தில் என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கட்டட கன்ட்ராக்டர்கள், ரோடு கன்ட்ராக்டர்கள், மண் வேலைக்காரர்கள். எல்லாருக்கும் ஒரே வியாதி. "இன்னும் ரெண்டடி ஆழமா தோண்டுப்பா, பாத்துக்கலாம்" என்று இன்ஜினீயர் வாயால் சொல்லியிருப்பார். இவர்களும் தோண்டியிருப்பார்கள். பில் போடும்போது "யார் தோண்டச் சொன்னது?" என்று கேள்வி வரும். எழுதி வாங்கினீர்களா என்று நான் கேட்டால், "அவ்ளோ பெரிய மனுஷன் சொல்றாரு, அவருகிட்ட போய் எழுதிக் குடுன்னு எப்படி சார் கேக்கறது?" என்பார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயால் ஒன்று சொன்னால் அன்று சாயங்காலமே ஒரு கடிதம் எழுதுங்கள், கார்பன் வைத்து நகல் எடுங்கள், ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள், கடைசி பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னிடம் வாருங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்வேன். போட்டுவிட்டுத்தான் வருவார்கள். போட்ட கையெழுத்தை அழிக்க எந்த வக்கீலாலும் முடியாது.

நான் சொல்ல வந்த மனிதர் மட்டும் கையெழுத்துப் போடாமல் வந்தார். அதனாலேயே எனக்கு அவரை முதல் நாளே பிடித்துவிட்டது.

வடக்குப்பட்டுப் பக்கத்து ஆள். ஐம்பது வயதிருக்கும். மண் வெட்டும் கூலியாக ஆரம்பித்து, ஒரு லாரிக்குச் சொந்தக்காரராகி, சின்னக் கன்ட்ராக்டராக வளர்ந்தவர். ஆனாலும் அவரிடம் வேலை செய்த ஜனங்கள் கடைசிவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போகாமல் வேலை தொடமாட்டார். என் அறைக்குள் வரும்போதும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, "ஸ்தோத்திரம் சார்" என்றபடிதான் நுழைவார்.

அப்போது ஒரகடம் பக்கம் இன்றைக்கு இருக்கிற தொழிற்சாலை ஒன்றும் கிடையாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கம்பெனிக்காரர்கள் நிலம் வாங்க ஆரம்பித்திருந்தார்கள். அப்படி வந்த ஒரு கம்பெனி வாங்கிய இடம் பள்ளம். அதை மண் கொட்டி மேடாக்கும் வேலை மேஸ்திரிக்குக் கிடைத்தது. ஒரு விவசாயியின் பட்டா நிலத்தில் இருந்த கிராவல் மேட்டைக் குத்தகைக்கு எடுத்து, அதை வெட்டி, நான்கு மாதம் லாரியில் அள்ளிக் கொட்டினார். கொட்டி முடித்த பிறகு கம்பெனி இன்ஜினீயர் வந்து பள்ளத்தில் அளந்துவிட்டு, "நீ சொல்ற மண்ணுல பாதிதான் இங்க இருக்கு" என்றார். புது மண், நடுவில் பெய்த மழையில் அமுங்கிப் போயிருந்தது. அமுங்கின மண்ணை அளந்தால் குறையத்தானே செய்யும்? லாரிச் சீட்டுகளைக் காட்டினால், எல்லாம் அரை லோடு என்று சொல்லிவிட்டார்கள்.

மேஸ்திரி தன் ஒன்றரை ஏக்கர் நிலத்தை அடகு வைத்துக் கூலி கொடுத்திருந்தார். ஜனங்களுக்குப் பாக்கி கிடையாது, அவருக்குத்தான் வரவேண்டும். பொங்கலுக்குள் மீட்காவிட்டால் நிலம் அடகு பிடித்தவனுக்குப் போய்விடும்.

"கொட்டின எடத்துல மண்ணு அமுங்கிடுச்சு. சரி, வெட்டின எடத்துல?" என்று கேட்டேன். மேஸ்திரி முகம் மலர்ந்துவிட்டது. "பதினொண்ணு விட்டு வச்சிக்கீறேன் சார்" என்றார்.

நான் ஓவர்சியராக இருந்தவன் அல்லவா, எனக்கு உடனே புரிந்தது. மண் வெட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு மேட்டை முழுக்க வழித்துவிட மாட்டார்கள். நடுநடுவே ஆள் நிற்கிற அகலத்துக்கு மண்ணைத் தொடாமல் தூண் மாதிரி விட்டுவிடுவார்கள். உச்சியில் பழைய புல் அப்படியே இருக்கும். அந்தப் புல்லிலிருந்து கீழே டேப்பை விட்டால் எவ்வளவு உயரம் வெட்டினார்கள் என்று தெரிந்துவிடும். அளவு எடுத்த பிறகுதான் அந்தத் திட்டுகளை உடைப்பார்கள். மட்டமான தரையில் வெட்டியிருந்தால் ஓரத்தைப் பார்த்தே ஆழம் சொல்லலாம். இது மேடு. ஓரம் தாழ்ந்து, நடு உயர்ந்து இருந்த மேடு. அந்தப் பதினோரு திட்டுகளை விட்டால் அங்கே மேடு இருந்தது என்பதற்கே வேறு அடையாளம் கிடையாது.

வழக்குப் போடும்போதே எங்களுக்குள் சண்டை. கேட்பதை இரட்டிப்பாகக் கேட்போம், கோர்ட் எப்படியும் குறைக்கும் என்றேன். எல்லா வக்கீலும் செய்கிற காரியம்தான். மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டார். "வெட்டுனதுதான் சார் கேக்கணும். வெட்டாத மண்ணுக்கு நான் எங்கேருந்து திட்டு காட்டுவேன்?" என்றார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். சிரித்துக்கொண்டார்.

கோர்ட் சார்பில் ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பி அந்த இடத்தை அளக்க வேண்டும் என்று மனுப் போட்டேன். கமிஷனர் வந்து அளக்கும்வரை யாரும் அங்கே மண்வெட்டி வைக்கக் கூடாது என்று தடை உத்தரவும் வாங்கினேன். நில சொந்தக்காரரோ வேறு லாரிக்காரனோ கை வைத்துவிடக் கூடாதே என்ற பயம். அந்த உத்தரவை நானே மேட்டுக்குப் போய், வேலை செய்த ஜனங்களையெல்லாம் கூட்டி, உரக்கப் படித்துக் காட்டிவிட்டு வந்தேன். மீறினால் ஜெயில் என்றும் சொன்னேன். அப்போது எனக்கு என் மேலேயே பெருமை.

கமிஷனர் மனு ஒவ்வொரு வாய்தாவாகத் தள்ளிப் போனது. எதிர் வக்கீல் நல்ல மனுஷர், சாந்தமானவர். ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று இன்னும் இரண்டு வாரம் அவகாசம் என்று கேட்பார். அவருக்கு என்ன அவசரம்! ஐப்பசி பிறந்தது. அடைமழை பிடித்தால் கிராவல் திட்டு கரைந்து விழுந்துவிடும். எனக்குத் தூக்கம் போயிற்று. மதியம் சோற்றில் கை வைத்திருப்பேன், இடி சத்தம் கேட்கும், எழுந்து வாசலுக்கு ஓடிவிடுவேன். "உங்க வூட்டு மண்ணா அது? சாப்பிட்டுப் போங்களேன்" என்று என் மனைவி சத்தம் போடுவாள். வாரத்துக்கு இரண்டு தடவை சுங்குவார்சத்திரத்துக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு போய்த் திட்டுகளைப் பார்த்துவிட்டு வருவேன். பார்ப்பதால் என்ன ஆகப்போகிறது? ஒன்றும் ஆகாது. ஆனாலும் போவேன்.

ஒருவழியாகக் கமிஷனர் வரும் தேதி முடிவானது. வியாழக்கிழமை காலை பத்து மணி. மழை இன்னும் பலமாகப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் வீட்டில் இருக்க முடியாமல் மறுபடி கிளம்பிப் போனேன். மேஸ்திரி அங்கே இல்லை. கமிஷனர் உட்கார நாற்காலியும் மேசையும் கேட்டு கோயிலுக்குப் போயிருந்தார். ஜனங்கள் ஏழெட்டுப் பேர் மேட்டோரம் மரத்தடியில் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு பெண்பிள்ளை உண்டு. நாற்பத்தைந்து வயது, நல்ல உயரம், ஆண்களையும் அதட்டி வேலை வாங்குவாள். எல்லாரும் அக்கா என்பார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா சார், எல்லாம் நல்லா கீது" என்றாள்.

நான் திட்டுகளைச் சுற்றி வந்தேன். நான்காவது திட்டில் என் கால் நின்றுவிட்டது. முந்தின வாரம் என் தோளுக்கு இருந்த திட்டு இப்போது காதுக்கு இருந்தது. உச்சியில் கையை வைத்து அழுத்தினேன். புல் கையோடு வந்தது. அடியில் பொலபொலவென்று புது மண். அதற்கும் கீழே பழைய புல் பழுத்து மஞ்சளாக நசுங்கிக் கிடந்தது. ஏழாவது திட்டும் அதே கதை.

மண் வேலையில் இதைவிடப் பழைய தில்லுமுல்லு கிடையாது. திட்டின் தலையில் மண் வைத்துப் வேரோடு பெயர்த்த புல் கரணையைப் பதித்துவிட்டால் உயரம் கூடிவிடும். ஓவர்சியராக இருந்தபோது எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருப்பேன்! எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"யாரு செஞ்சது இதை?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் மறைக்கவில்லை. "நாங்கதான் சார். மேஸ்திரிக்குத் தெரியாது. மழையில ரெண்டு திட்டு மேல கொஞ்சம் கரைஞ்சாப்பல தோணிச்சு. அவரு நெலம் மீளணும்ல? ஒரு அடி சேர்த்தா அவருக்கு ஒத்தாசையா இருக்குமேன்னு..." என்றாள்.

ஒத்தாசை! அந்த இடத்தில் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு, அவளை உட்கார வைத்து, என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொல்லியிருந்தால் போதும். பழைய புல் கீழேயே இருக்கிறது. மேஸ்திரி வந்ததும், நாளைக்குக் கமிஷனரிடம் நாங்களே முந்திக்கொண்டு, இந்த இரண்டும் வேண்டாம், மற்ற ஒன்பதை அளங்கள் என்று சொல்லியிருந்தால் வழக்கு நின்றிருக்கும். இது எனக்கு பஸ்ஸில் திரும்பும்போதுதான் தோன்றியது. அங்கே தோன்றவில்லை. அங்கே நான் கத்தினேன்.

"அறிவிருக்கா உங்களுக்கு? ரெண்டு திட்டுல மண்ணு ஏத்தியிருக்குன்னு தெரிஞ்சா பதினொண்ணையும் நம்ப மாட்டான். கோர்ட்டை ஏமாத்தினதுக்கு உங்க மேஸ்திரி கையில விலங்கு மாட்டுவாங்க. இந்தத் திட்டு ஒவ்வொண்ணும் இப்ப அவருக்கு எதிர்சாட்சி, தெரியுமா? சொரண்டித் தொலைங்க அந்த ரெண்டையும்!"

சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மேஸ்திரி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. காத்திருப்பது எனக்கு வராது என்று முதலிலேயே சொன்னேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் போனபோது மேஸ்திரி மட்டும் வெட்டின தரையின் நடுவில் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பக்கத்தில் கோயிலிலிருந்து கொண்டு வந்த மேசை, இரண்டு நாற்காலி. அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை. ஒரு திட்டுகூட இல்லை. தரை வழித்துவிட்ட மாதிரி சமமாக இருந்தது. உடைத்த மண்ணைக்கூட அள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

"இன்னா சார் ஆச்சு?" என்று மேஸ்திரி என்னைக் கேட்டார். அவர் என்னைக் கேட்கிறார்! நேற்று மாலை நாற்காலியோடு திரும்பும்போது இருட்டிவிட்டதால் இந்தப் பக்கம் வராமல் வீட்டுக்குப் போய்விட்டாராம். மரத்தடியிலிருந்து அக்கா எழுந்து அவரருகே வந்து நின்றாள். கையெல்லாம் கொப்புளம். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். திட்டின் தலையைச் சொரண்டினால் சொரண்டின தடம் தெரிந்துவிடும், கமிஷனர் கண்டுபிடித்துவிடுவான், திட்டே இல்லாவிட்டால் மேஸ்திரியை யாரும் பிடிக்க முடியாது, உத்தரவை மீறினதற்கு ஜெயில் என்றால் தாங்களே போய்க்கொள்ளலாம் என்று அவர்களுக்குள் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். மேஸ்திரிக்குச் சொன்னால் வேண்டாம் என்பார் என்று சொல்லவில்லை. அவரைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. ஐயோ, அந்த முகம்!

மேஸ்திரி தரையைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்து, "எண்ணெய் போட்டியா?" என்று கேட்டார்.

அதற்குள் கார் வந்துவிட்டது. கமிஷனர் இளம் வக்கீல், புதுக் கோட்டு. கூடவே எதிர் வக்கீல். இருவரும் இறங்கிச் சுற்றிலும் பார்த்தார்கள். எதிர் வக்கீல் என்னைப் பார்த்த பார்வையில் நக்கல்கூட இல்லை, நிஜமான ஆச்சரியம் இருந்தது.

"திட்டு எல்லாம் எங்கே?" என்று கமிஷனர் கேட்டார். "தடை உத்தரவு இருக்கே, யார் வெட்டினது?"

அக்கா முன்னால் வந்தாள். "நாங்கதான் சாமி. வக்கீலு ஐயா சொன்னாரு, மேஸ்திரி..."

"அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று மேஸ்திரி குறுக்கே புகுந்தார். "நான்தான் வெட்டச் சொன்னேன். வேற ஒரு எடத்துக்கு நாலு லோடு தேவைப்பட்டுச்சு. உத்தரவு ஞாபகம் இல்ல. தப்புதான். என் பேருலயே எழுதிக்குங்க."

அக்கா வாயைத் திறந்தாள். அவர் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள். கமிஷனர் மேசை முன் உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்து, "நீங்க ஏதாவது சொல்லணுமா சார்?" என்று என்னைக் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். மேஸ்திரி அவர் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே நானும் போட்டேன்.

அறிக்கை கோர்ட்டுக்கு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆட்சேபணை மனு ஒன்றை மூன்று தடவை எழுதினேன். இரண்டைக் கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் நடந்தது நடந்தபடி எழுதியிருந்தேன்: திட்டின் தலையில் மண் வைத்தது, நான் கண்டது, கத்தியது, அதன் பிறகு அவர்கள் வெட்டியது எல்லாம். அதைக் கொடுத்தால் நான் வழக்கிலிருந்து விலகிக் கூண்டில் ஏறி சாட்சி சொல்ல வேண்டும். ஒன்பது திட்டுகளில் கள்ளம் இல்லை என்று நான் கண்ணால் பார்த்தவன், ஓவர்சியராக இருந்தவன், என் சொல்லுக்குக் கொஞ்சம் மதிப்பு இருக்கும். நிலம் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் வழக்கு அன்றைக்கே சாகாது. கொடுக்காவிட்டால் அன்றைக்கே முடிந்தது. கம்பெனி சொன்ன அளவுதான் அளவு.

அக்காவையும் கூண்டில் ஏற்றுவார்களே, உத்தரவை மீறினதற்கு அவளை உள்ளே தள்ளுவார்களே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய் என்று சொல்ல மாட்டேன், பாதி நிஜம்தான். மீதிப் பாதி பயம். சக வக்கீல்கள் சிரிப்பார்களே, என் வக்கீல் சன்னத்துக்கு ஏதாவது வந்துவிடுமே என்ற பயம். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அதுதான் நடந்தது.

அறிக்கை கோர்ட்டுக்கு வந்த அன்று நல்ல மழை. மேஸ்திரி நனைந்துகொண்டே வந்து வராந்தாவில் என்னோடு நின்றார். நடந்ததற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அறிக்கையில அந்தப் பொம்பள பேரு கீதா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை."

"நீங்க அதைக் கெளற மாட்டீங்கல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போய் நின்றேன். மூன்றாவது தடவை எழுதிய மனு கையிலிருந்த காகிதக் கட்டின் மேலேயே இருந்தது. நீதிபதி அறிக்கையைப் புரட்டினார். வாதியே தடை உத்தரவை மீறித் திட்டுகளை வெட்டியதாக ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று வாசித்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அறிக்கைக்கு வாதித் தரப்பில் ஆட்சேபணை உண்டா?"

"இல்லை" என்றேன்.

வெளியே வந்ததும் மேஸ்திரி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றி சார்" என்றார்.